‘அவர் எப்படி இருக்கார், சிஸ்டர்?’

விபத்து வார்டில் நர்ஸைப் பார்த்துக் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் கேஸ் ஷீட்டிலேயே இருக்கும். எப்போது சாப்பிடலாம், டிரிப் எப்போது முடியும், கட்டு எப்போது பிரிப்பீர்கள். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தெரிந்திருந்தும் சொல்லக் கூடாது என்று எழுதப்படாத உத்தரவு ஒன்று இருக்கும். கணவன், மனைவி இருவரும் ஒரே வண்டியில் போய், அவர் இறந்துவிட, தொடை எலும்பு முறிந்து மனைவி மட்டும் கட்டிலில் கிடக்கிறார். “இப்போதைக்குச் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாங்க” என்று உறவினர்கள் வார்டு வாசலில் கேட்டுக்கொள்கிறார்கள். டாக்டரும் தலையாட்டிவிடுகிறார். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட, விடிய விடிய அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நடமாடப்போவது நர்ஸ்தான். பொய் சொல்லும் பொறுப்பு, யாரும் வாய்விட்டு ஒப்படைக்காமலேயே அவர் தலையில் வந்து விழுகிறது.

நர்ஸின் கருணையைப் பற்றிப் பேசுகிறவர்கள் சிரித்த முகம், கனிவான குரல், கையைப் பிடித்துக்கொள்ளும் விரல்கள் என்றே பேசுகிறார்கள். அவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் இந்தக் கட்டிலருகே வந்து பார்த்தால் அவற்றை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கனிவான குரலில் “அவர் மேல் மாடியில் இருக்கார், நல்லா இருக்கார்” என்று சொல்வது மிக எளிது. மூன்று நாள் கழித்து உண்மை தெரியும்போது அந்தக் குரல் சொன்ன எதையும் நோயாளி நம்ப மாட்டார். மருந்தையும் நம்ப மாட்டார், “நாளைக்கு உட்கார வைப்போம்” என்பதையும் நம்ப மாட்டார். துக்கத்தில் இருக்கும் நோயாளியிடம் கருணை காட்டுவது பெரும்பாலும் முன்னேற்பாடு சார்ந்த வேலை என்பதுதான் என் எண்ணம். யார் சொல்வது, எப்போது, எந்த வார்த்தையில், சொன்ன பிறகு யார் கூட இருப்பது, எதை எங்கே எழுதி வைப்பது என்பதெல்லாம் முடிவாகாத வார்டில், எவ்வளவு நல்ல மனசுக்காரரும் தடுமாறத்தான் செய்வார்.

தள்ளிப்போடுவதே தவறு என்று சொல்ல வரவில்லை. நியாயமான காரணங்கள் உண்டு. நோயாளியின் ரத்த அழுத்தம் நிலையாக இல்லை, இன்னும் இரண்டு மணி நேரத்தில் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிறார், வென்டிலேட்டரில் மயக்க மருந்தோடு இருக்கிறார், நினைவு குழம்பியிருக்கிறார். இவற்றில் எதுவும் ‘டிஸ்சார்ஜ் ஆகும்வரை’ என்று நீளக் கூடியது இல்லை. உறவினர்கள் “தாங்க மாட்டாங்க” என்று சொல்லும்போது, பல நேரம் அவர்களே அந்தச் செய்தியைச் சொல்லத் தாங்க மாட்டார்கள் என்பதுதான் உள்ளே இருப்பது. அவர்களோடு வாதாடிப் பயனில்லை. இரண்டு கேள்விகள் போதும். “அவங்களே நேரா கேட்டா நாங்க என்ன சொல்லணும்னு நினைக்கிறீங்க?” “வேற யார் மூலமாவது தெரிஞ்சுபோனா உங்களை என்ன நினைப்பாங்க?” பெரும்பாலான குடும்பங்கள் இந்த இரண்டாவது கேள்வியில் இறங்கி வரும். அப்போதே ஒரு நேரத்தைக் குறித்துவிட வேண்டும். “நாளைக்குக் காலை 10 மணிக்கு, டாக்டர் ரவுண்ட்ஸ் முடிஞ்சதும், அவங்க தம்பி பக்கத்துல இருக்கும்போது” என்று கேஸ் ஷீட்டில் எழுதும் அளவுக்குத் துல்லியமாக.

ரகசியம் ஏன் நிற்காது என்பதற்கு இன்றைக்கு ஒரே காரணம் போதும்: தலையணைக்குப் பக்கத்தில் இருக்கும் செல்போன். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் இரங்கல் செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். இல்லையென்றால் குடும்பக் குழுவில் யாரோ அவர் புகைப்படத்துக்கு மாலை போட்டுப் பகிர்ந்திருப்பார்கள். வாக்குமூலம் வாங்க வரும் போலீஸ்காரர் “இறந்துபோன உங்க கணவர்...” என்றே வாக்கியத்தைத் தொடங்கிவிடுவதும் உண்டு. இதைத் தடுக்க நர்ஸால் முடியும். நோயாளியிடம் பேசும் முன் டூட்டி டாக்டரைப் பார்க்கச் சொல்லி போலீஸை வார்டு மேஜையிலேயே நிறுத்தலாம். செல்போனைப் பிடுங்கி வைப்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். போனைக் கேட்டுக் கிடைக்காத நோயாளி, அந்த நொடியிலேயே எல்லாம் புரிந்துகொண்டுவிடுகிறார்.

சொல்வதற்கு முன்

முதல் வேலை, இறந்தவர் யார் என்பதை உறுதிசெய்வது. பெயர், வயது, அடையாளம் காட்டியவர் யார், எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்று குறைந்தது இரண்டு வழிகளில் சரிபார்க்க வேண்டும். மிகைப்படுத்துவதாகத் தோன்றலாம். 2006-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் நடந்த வேன் விபத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். தோற்றத்தில் ஒத்திருந்த இரண்டு மாணவிகளின் அடையாளம் மாறிப்போனது. ஒரு குடும்பம், தங்கள் மகள் என்று நினைத்து வேறொருவரின் மகளுக்குச் சுமார் ஐந்து வாரம் கட்டிலருகே இருந்து பணிவிடை செய்தது. இன்னொரு குடும்பம், உயிரோடிருந்த மகளுக்கு இறுதிச் சடங்கே முடித்துவிட்டது. முகம் வீங்கி, தலையில் கட்டு, தொண்டையில் குழாய் என்று கிடக்கும்போது பெற்றவர்களுக்கே தெரியாமல் போகும்.

அடுத்து நோயாளியின் உடம்பு. வலி மருந்தின் நேரம் முக்கியம்: வாய்வழி மாத்திரை வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும், நரம்பு வழி மருந்து சில நிமிடங்களில் பிடிக்கும். வலியின் உச்சத்தில் இருப்பவரிடம் எதைச் சொன்னாலும் பாதிதான் போய்ச் சேரும். அதற்காக அரைத்தூக்கத்திலும் சொல்லக் கூடாது. குறிப்பாக மிடசோலம் என்ற மயக்க மருந்து போட்டிருந்தால் கவனம் தேவை. அந்த மருந்தின் பிடியில் இருப்பவர் கண்ணைத் திறந்து கேட்பார், அழக்கூடச் செய்வார். ஆனால் அது நினைவில் பதியாது. மறுநாள் மீண்டும் முதலிலிருந்து கேட்பார், நீங்கள் மீண்டும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். ஐசியுவில் இருப்பவரிடம் கவனம் நிற்கிறதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. 10 எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, குறிப்பிட்ட ஓர் எழுத்து வரும்போது மட்டும் கையை அழுத்தச் சொல்வார்கள். இரண்டுக்கு மேல் பிழை வந்தால் கவனம் சிதறுகிறது என்று பொருள். பெரிய செய்தி அன்றைக்கு வேண்டாம். காது கேட்கும் கருவி, கண்ணாடி இரண்டும் அவர் மேல் இருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். விபத்தில் கண்ணாடி உடைந்திருக்கும், கேட்பவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

இடம் பற்றி: திரை இழுத்தால் தனிமை வந்துவிடாது. பக்கத்துக் கட்டில்காரருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கும். டிராக்‌ஷனில் (முறிந்த காலை எடை கட்டி இழுத்து வைக்கும் முறை) இருப்பவரை நகர்த்த முடியாவிட்டால், பக்கத்தில் நடக்கக் கூடியவர்களை அரை மணி நேரம் வெளியே அனுப்புவது சாத்தியமானதே. யாரும் மறுக்க மாட்டார்கள். உட்கார இரண்டு நாற்காலி, எட்டும் தூரத்தில் டிஷ்யூ, வாந்தி எடுத்தால் பிடிக்க ஒரு பாத்திரம். யூரின் பேக்கை முன்பே காலி செய்துவிடுங்கள், டிரிப்பின் அளவைப் பாருங்கள். செய்தி சொன்ன மூன்றாவது நிமிடம் பம்ப் அலாரம் அடித்துக்கொண்டிருக்கக் கூடாது. டாக்டர் சொல்லும்போது நர்ஸ் கூடவே இருந்தாக வேண்டும். உதவிக்காக மட்டும் இல்லை, டாக்டர் போன பிறகு நோயாளி கேட்கப்போகும் கேள்விகளுக்கு, சொல்லப்பட்ட அதே வார்த்தைகளில் பதில் சொல்ல. கெட்ட செய்தி சொல்ல மருத்துவர்களுக்கான ஆறு படி முறையொன்றைப் புற்றுநோய் மருத்துவர்கள் 2000-இல் வகுத்தார்கள். அதில் இரண்டாவது படி, சொல்வதற்கு முன் நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது. பரபரப்பான வார்டுகளில் தவறாமல் விட்டுப்போவது அந்தப் படிதான். “அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?” என்று கேட்டால், பாதிப் பேர் தாங்களாகவே “அவர் ரோட்டுல அசையாம கிடந்தார்” என்பார்கள். அதன் பிறகு டாக்டர் ஊகத்தை உறுதிசெய்தால் போதும்.

இரவு இரண்டரை மணி

எல்லா ஏற்பாட்டையும் காலை 10 மணிக்கு வைத்திருப்போம். நோயாளியோ இரவு இரண்டரை மணிக்குக் கேட்பார். பகலில் உறவினர்கள் சூழ்ந்திருப்பார்கள், ஆளாளுக்கு ஏதோ சொல்லிப் பேச்சை மாற்றுவார்கள். வார்டு விளக்கு அணைந்து, சலைன் மாற்ற வந்த நர்ஸ் மட்டும் பக்கத்தில் இருக்கும்போதுதான் அவருக்கு வசதி. கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க மட்டும் உண்மையைச் சொல்லுங்க சிஸ்டர். அவர் இருக்காரா, இல்லையா?” என்பார்.

அந்தக் கணத்தில் நர்ஸின் கண் தன்னையறியாமல் மானிட்டர் பக்கம் போகும், அல்லது டிரிப்பைப் பார்க்கும். நோயாளி அதைக் கவனித்துக்கொண்டேதான் இருக்கிறார். எனவே செய்ய வேண்டிய முதல் காரியம் உடம்பு சார்ந்தது: கையிலிருக்கும் டிரேயை வைத்துவிட்டு, கட்டிலருகே உட்கார்ந்து, முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுவருவது. இரண்டாவது, அங்கிருந்து நகராமல் இருப்பது. “இருங்க, டாக்டரைக் கூப்பிட்டுட்டு வர்றேன்” என்று எழுந்து போவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதைப் போல மோசமான காரியம் இன்னொன்று இல்லை. டாக்டர் வருவதற்குள் கழியும் 20 நிமிடமும், பதில் தெரிந்த நிலையில், இருட்டில் தனியாக அவரைக் கிடத்திவிட்டுப் போவதாக ஆகும். அழைப்பு மணியை அழுத்தி இன்னொரு நர்ஸை வரவழைத்து, போன் செய்யும் வேலையை அவரிடம் கொடுக்க வேண்டும். கேட்கப்பட்டவர் அங்கேயே இருக்க வேண்டும்.

சரி, என்ன சொல்வது? “நீங்க கேக்கறது நியாயமான கேள்வி. இதைப் பத்திப் பேச வேண்டியவங்களை இப்பவே வரச் சொல்றேன். அவங்க வர்ற வரைக்கும் நான் இங்கேதான் இருப்பேன்.” பொய்யும் இல்லை, அதிகார மீறலும் இல்லை. பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தரும் பதில் ஏறக்குறைய இதுதான். ஆனால் அது நல்ல செய்தி இல்லை என்பதை நோயாளி உடனே புரிந்துகொள்வார். அடுத்த நொடி, “அப்போ... இல்லையா?” என்பார். இந்த இரண்டாவது கேள்விக்குத் தயாராக இல்லாத நர்ஸ் இங்கேதான் உடைந்துபோவார். ‘எனக்குத் தெரியாதும்மா’ என்று வாயில் வரும். அல்லது பதில் சொல்லாமல் அழுதுவிடுவார், அது சொன்னதற்குச் சமம்.

இந்த இரண்டாவது கேள்வியை யாரும் இரவு இரண்டரை மணிக்குச் சமாளிக்க முடியாது. முந்தைய நாள் மாலை ஆறு மணிக்குச் சமாளித்திருக்க வேண்டும். நைட் டூட்டிக்குள் நுழைந்ததும் டாக்டரிடமும் குடும்பத்தில் பொறுப்பான ஒருவரிடமும் கேட்க வேண்டிய ஒரே வரி: “ராத்திரி அவங்க நேரா கேட்டா, நான் சொல்லலாமா?” சொல்லலாம் என்றால் அதைக் கேஸ் ஷீட்டில் நேரத்தோடு எழுதி டாக்டர் கையெழுத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும். கூடாது என்றால், எந்த நேரமானாலும் எழுப்ப வேண்டிய டாக்டர் யார், எத்தனை நிமிடத்தில் வருவார், குடும்பத்தில் யார் வருவார்கள் என்பது எண்ணோடு இருக்க வேண்டும். ஐந்து நிமிடப் பேச்சு. அது நடந்திருந்தால் அந்த நர்ஸால் கருணையோடு நடந்துகொள்ள முடியும்; நடக்காதிருந்தால் எவ்வளவு இளகிய மனமும் உதவாது. கருணையை ஆளின் குணமாகப் பார்க்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாதது இதனால்தான். ஒரே நர்ஸ், ஒரே நோயாளி. அனுமதி எழுதப்பட்ட இரவிலும் எழுதப்படாத இரவிலும் இருவேறு மனிதர்களாகத் தெரிவார்.

அனுமதி இருந்தால், சொல்லும் வார்த்தையில் சுற்றி வளைக்கக் கூடாது. “ஆமாம்மா. உங்க வீட்டுக்காரர் இறந்துட்டார். விபத்து நடந்த இடத்துலயே.” அத்துடன் நிறுத்த வேண்டும். அடுத்து வரும் மௌனத்தை நிரப்பும் ஆசை பெரிதாக இருக்கும். “தைரியமா இருங்க, குழந்தைகளுக்காக நீங்க இருக்கணும்” என்று வாய் கிளம்பும். முதல் நிமிடத்திலேயே அவருக்கு இன்னொரு கடமையைக் கொடுப்பது அது. “அழாதீங்க, தையல் பிரிஞ்சிடும்” என்பதும் அப்படித்தான். வயிற்றில் தையல் இருந்தால் ஒரு தலையணையை மடித்து வயிற்றோடு அணைத்துப் பிடிக்கக் கொடுத்து, அழ விடலாம். இருமும்போது செய்யச் சொல்வோமே, அதேதான்.

மௌனம் கலைந்ததும் கேள்விகள் வரிசையாக வரும். எப்போது? யார் கூட இருந்தார்கள்? வலித்ததா? இப்போது எங்கே இருக்கிறார்? இந்த நான்குக்கும் பதில் தெரியாமல் கட்டிலருகே போகக் கூடாது. “வலியே இருந்திருக்காது” என்று ஆறுதலுக்காக அடித்துவிடுவது ஆபத்து, பிரேதப் பரிசோதனை அறிக்கையை அவர் ஒருநாள் படிப்பார். “கொண்டுவந்தப்பவே நினைவு இல்லைன்னு எழுதியிருக்கு” என்று பதிவில் இருப்பதை மட்டும் சொல்லலாம். ஐந்தாவதாக ஒரு கேள்வியும் வரும், பெரும்பாலும் விடியும் நேரத்தில்: “ஏன் இவ்வளவு நேரம் சொல்லல?” தற்காப்பு வேண்டாம். “உங்க ஆபரேஷன் முடியட்டும்னு டாக்டரும் உங்க தம்பியும் நினைச்சாங்க. மறைச்சது கஷ்டமாத்தான் இருந்துச்சு, மன்னிச்சுக்கோங்க.”

வண்டியை ஓட்டியவரே இந்த நோயாளி என்றால் “நான்தான் கொன்னுட்டேன்” என்பார். உடனே “உங்க தப்பு எதுவும் இல்லை” என்று விடுவிக்கத் தோன்றும். யாருடைய தப்பு என்று நர்ஸுக்குத் தெரியாது, விசாரணை நடக்கிறது. அந்த வாக்கியம் அவரை வாயடைக்க மட்டுமே செய்யும். “அந்த நேரத்துல என்ன நடந்துச்சுன்னு மனசுல ஓடிட்டே இருக்கா?” என்று கேட்டு, அவர் சொல்வதைத் திருத்தாமல் கேட்பதே நல்லது. “நானும் அவர்கூடவே போயிருக்கணும்” என்பது துக்கத்தில் வரும் பேச்சாகவும் இருக்கலாம், திட்டமாகவும் இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி நேராகக் கேட்பது: “உங்களையே ஏதாவது பண்ணிக்கணும்னு தோணுதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆம் என்றால் மனநல மருத்துவருக்குத் தகவல், கூடவே ஆள், மருந்து டிராலி அந்தக் கட்டிலருகே நிற்கக் கூடாது.

தலையில் அடிபட்டவர்களின் கதை வேறு. சொன்னதை மறந்துவிட்டு ஒரு மணி நேரத்தில் மீண்டும் “அவர் எங்கே?” என்பார்கள், ஒவ்வொரு முறையும் அவர்களுக்கு அது முதல் முறை. இங்கே வார்டுகள் இரண்டு பக்கமும் தவறுகின்றன. சிலர் ஒவ்வொரு தடவையும் முழுச் செய்தியையும் போட்டு உடைக்கிறார்கள், சிலர் “வருவார்” என்று சொல்லித் தப்பிக்கிறார்கள். இடம், நாள், நேரம் அவருக்கு நிலையாக நினைவில் நிற்கும்வரை நாமாகப் பேச்சை எடுக்காமல், அவர் கேட்டால் மட்டும் சுருக்கமாக, முன்பு சொன்ன அதே வார்த்தையில் சொல்லிவிட்டுக் கூட இருப்பதுதான் எனக்குத் தெரிந்த நேர்மையான வழி. எல்லா ஷிஃப்டிலும் ஒரே வாக்கியம் வர வேண்டும் என்றால் அந்த வாக்கியம் எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

துக்கம் என்று தள்ளிவிடக் கூடாதவை

செய்தி கேட்டவருக்கு மூச்சு வாங்கும், விரல் நுனியும் வாயைச் சுற்றியும் மரத்துப்போகும், வாந்தி வரும். வேகமாக மூச்சு விடுவதால் வருகிற மரத்துப்போதல் சிறிது நேரத்தில் அடங்கும். ஆனால் ‘துக்கத்துல அப்படித்தான் இருக்கும்’ என்ற வாக்கியம் வார்டில் ஆளைக் கொல்லக் கூடியது. தொடை எலும்பு முறிந்தவருக்கு 24 முதல் 72 மணி நேரத்துக்குள் எலும்பு மஜ்ஜைக் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைக்கலாம். மூச்சுத் திணறல், பதற்றம், குழப்பம். மார்பிலும் கண்ணிலும் சிவப்புப் புள்ளிகள். இரண்டாம் நாள் துக்கச் செய்தி கேட்டவரும் பதற்றமாகவும் குழப்பமாகவும்தான் இருப்பார். காகிதப் பையை முகத்தில் வைக்கச் சொல்லும் பழைய வைத்தியத்தை இங்கே நினைக்கவே கூடாது. விரலில் ஆக்சிஜன் மானியை மாட்டி அளவைப் பார்த்துவிட்டுத்தான் ஆறுதல் சொல்ல வேண்டும்.

நெஞ்சு வலி என்றாலும் அப்படியே. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், மாரடைப்பு வந்து பிழைத்த ஏறத்தாழ 2,000 பேரின் தகவல்களை ஆராய்ந்தார்கள். நெருங்கிய ஒருவரை இழந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு வாய்ப்பு வழக்கத்தைவிடச் சுமார் 21 மடங்கு கூடியிருந்தது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம் காணப்படும் இன்னொன்றும் உண்டு: ரத்தக்குழாயில் அடைப்பே இல்லாமல், மன அதிர்ச்சியில் இதயத்தின் இடது கீழறை பலவீனமாகி ஊதிக்கொள்ளும். 1990-இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த டாகோட்சுபோ இதுதான். பார்க்க அசல் மாரடைப்பு மாதிரியே இருக்கும், ஈசிஜியிலும் வித்தியாசம் தெரியாது. நர்ஸ் பிரித்தறிய வேண்டியதில்லை. 12 லீட் ஈசிஜி எடுத்து, இதயத் தசைக்குச் சேதமா என்று காட்டும் டிரோபோனின் சோதனைக்கு ரத்தம் அனுப்பி, டாக்டரைக் கூப்பிட்டால் போதும்.

தூக்க ஊசி பற்றி. அழுகை வார்டு முழுக்கக் கேட்கும்போது, “ஏதாவது போட்டுத் தூங்க வைங்களேன்” என்பார்கள், பல நேரம் உறவினர்களே. டயசிபாம் வகைத் தூக்க, அமைதி மருந்துகளை, மனநோய் எதுவும் இல்லாத, துக்கத்தில் மட்டுமே இருப்பவருக்குக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இல் தெளிவாகவே வழிகாட்டியிருக்கிறது. மார்ஃபின் ஓடிக்கொண்டிருக்கும், விலா எலும்பு உடைந்த நோயாளிக்கு அதையும் சேர்த்துப் போட்டால் மூச்சே மந்தமாகிவிடும் என்பது தனி ஆபத்து. இதே இடத்தில் இன்னொன்றும் சொல்லிவிடலாம்: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்து நிலைகளை எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் முன்வைத்தது, சாகப்போகும் நோயாளிகளிடம் பேசிப் பெற்ற அனுபவத்தில். இழந்தவர்களுக்கான கால அட்டவணையாக அதை மாற்றி, ‘நோயாளி கோப நிலையில் உள்ளார்’ என்று நோட்ஸில் எழுதுவதால் யாருக்கும் பயன் இல்லை. ‘காலை 6 மணி முதல் யாரிடமும் பேசவில்லை, தண்ணீர் மட்டும் குடித்தார், மகள் வந்ததும் 20 நிமிடம் அழுதார்’ என்று எழுதினால் அடுத்த ஷிஃப்டுக்கு உபயோகம்.

டூட்டி மாற்றும்போது இந்தச் செய்தி நர்ஸ்களோடு நின்றுவிடக் கூடாது. எக்ஸ்ரே எடுக்க வருபவர், பிசியோதெரபிஸ்ட், சாப்பாடு கொண்டுவருபவர், தரை துடைப்பவர் வரை தெரிந்திருக்க வேண்டும். “என்னம்மா, இன்னிக்கும் உங்க வீட்டுக்காரர் வரலையா?” என்று அன்பாகக் கேட்டுவிடக் கூடியவர்கள் இவர்கள்தான். குழந்தை இறந்து பிறந்த தாயின் கட்டிலுக்குத் தடுப்பூசிப் பட்டியலோடு ஒருவர் வந்து “குழந்தை எங்கேம்மா?” என்று நிற்பதும் இதே ஓட்டையில் விழும் விபத்துதான். அதனால் பல மருத்துவமனைகளில் அறைக் கதவில் ஒரு சிறு அடையாள அட்டை வைக்கிறார்கள். அந்தத் தாய்க்கு இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் பால் கட்டும் என்பதை யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பி, குளியலறையில் தனியாக அதைக் கண்டுபிடிக்க விடுவது கொடுமை. பால் சுரப்பை நிறுத்த கேபர்கோலின் ஒரு மில்லிகிராம் ஒரே முறை கொடுப்பதுண்டு; கர்ப்பகால ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு அது ஆகாது என்பதால் டாக்டரிடம் அதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

பார்க்க வேண்டும் என்றால்

“அவர் முகத்தை ஒரு தடவை பார்க்கணும்.” இதற்கு வார்டின் முதல் பதில் ‘முடியாதும்மா’ என்பதாகவே இருக்கும், உண்மையில் யாரும் முயன்று பார்த்திருக்க மாட்டார்கள். கட்டிலோடு மார்ச்சுவரிக்கு அழைத்துப்போகலாம். பக்கத்தில் ஒரு தனியறைக்கு உடலைக் கொண்டுவரலாம். போலீஸ் விசாரணையில் இருக்கும் உடல் என்றால் அனுமதி வாங்க வேண்டும், தொட முடியாமலும் போகலாம், அதை முன்பே சொல்லிவிட வேண்டும். நர்ஸ் முதலில் தான் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். பிறகு நோயாளியிடம், பார்க்கப்போவதை அப்படியே விவரிக்க வேண்டும்: “நெத்தியில இடது பக்கம் கட்டுப் போட்டிருக்கு. உதடு கொஞ்சம் கறுத்திருக்கு. குளிர்பெட்டியில இருந்ததால கை சில்லுனு, விறைப்பா இருக்கும்.” இப்படிச் சொல்லிக் கூட்டிப்போனால், அந்தக் கையைத் தொட்டதும் பதறி இழுத்துக்கொள்ள மாட்டார். முகம் பார்க்க முடியாத அளவு சிதைந்திருந்தால், ஒரு கையை மட்டும் வெளியே எடுத்து வைத்துப் போர்த்தலாம். பார்ப்பதா வேண்டாமா என்பதை நோயாளி தீர்மானிக்க வேண்டும், வாசல்வரை வந்து திரும்பவும் அவருக்கு உரிமை உண்டு.

இறுதிச் சடங்குக்குச் சில மணி நேரம் அனுப்புவது அதைவிடப் பெரிய வேலை, ஆனால் முடியாத வேலை இல்லை. வலி மருந்தை, அதன் உச்சம் அந்த நேரத்தில் வருமாறு கொடுத்து, அடுத்த வேளையைக் கையோடு அனுப்ப வேண்டும். முறிந்த கால் ஸ்ப்ளின்ட்டில் அசையாமல் இருக்க வேண்டும். ஆக்சிஜன் தேவைப்பட்டால் கணக்குப் போட வேண்டும். எடுத்துப்போகக்கூடிய ‘ஈ’ (E) அளவு சிலிண்டரில் அழுத்தம் 2,000 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) இருந்தால், 200-ஐக் கையிருப்பாகக் கழித்து, மீதியை அந்த அளவு சிலிண்டருக்கான எண்ணான 0.28-ஆல் பெருக்கி, நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று வகுத்தால் 252 நிமிடம். போய்வர மூன்று மணி நேரம் என்றால் ஒரு சிலிண்டர் போதும், ஆனால் இரண்டு எடுத்துப்போங்கள். வண்டி எப்போதும் தாமதமாகும். போகவே முடியாத நிலையில் வீடியோ அழைப்பு இருக்கிறது. போனை யார் பிடிப்பது, எதைக் காட்டுவது, முடிந்ததும் யார் நோயாளியிடம் பேசுவது என்று அந்தப் பக்கத்தில் ஒருவரிடம் பேசி வைத்துவிட்டு, இந்தப் பக்கத்தில் ஒரு நர்ஸ் முடியும்வரை கூட உட்கார வேண்டும். இறந்தவரின் பொருள்களைக் கறுப்பு பிளாஸ்டிக் பையில் சுருட்டிக் கொடுப்பதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை: கூடாது. துணியைக் கேட்காமல் துவைத்துவிடவும் கூடாது. சிலருக்கு அந்த வாசனைதான் வேண்டும்.

இதையெல்லாம் செய்யும் நர்ஸுக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. தொடர்ந்து பிறர் துயரத்தோடு வேலை செய்கிறவர்களின் சோர்வை, கருணைச் சோர்வு என்ற பெயரில் நர்ஸிங் துறை 1992-இலிருந்தே பேசிவருகிறது. துக்கச் செய்தி சொன்ன நர்ஸை அடுத்த நிமிடமே எட்டாம் கட்டிலுக்கு ரத்தம் ஏற்ற அனுப்பாமல் பத்து நிமிடம் வெளியே விடுவது, ஒரே ஆளுக்கு வாரம் முழுக்க அதே நோயாளியை ஒதுக்காமல் இருப்பது, இவை வார்டு இன்சார்ஜின் கையில் இருக்கின்றன. ஆள் பற்றாக்குறை இருக்கும் இடத்தில் இவைதான் முதலில் காணாமல்போகும்.

டிஸ்சார்ஜ் அன்று கடைசிச் சிக்கல் வரும். இடுப்பு, தொடை எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்க, தினம் ஓர் ஊசி, சிலருக்கு 35 நாள்வரை, வயிற்றுத் தோலுக்கடியில் போட வேண்டியிருக்கும். அட்மிஷன் தாளில் ‘வீட்டில் கவனித்துக்கொள்பவர்: கணவர்’ என்று இருக்கும், யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். அவசரத் தொடர்புக்கும் அவர் எண்தான். மறுபரிசோதனைக்கு நினைவூட்டும் குறுஞ்செய்தி, கட்டணச் செய்தி எல்லாம் இறந்தவரின் போனுக்கே போய்க்கொண்டிருக்கும். அந்தப் போன் இப்போது இவர் கைப்பையில் இருக்கிறது. எனவே கணினியில் அந்த எண்ணை நீக்கிப் புதிய எண்ணைப் போட வேண்டும், அச்சிட்ட டிஸ்சார்ஜ் தாளிலும் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊசி போடப்போவது தம்பியா மகளா என்று கேட்டு, அவர்களை இரண்டு நாள் முன்பே வரவழைத்து, நர்ஸ் பார்க்க அவர்கள் கையாலேயே இரண்டு முறையாவது போட வைத்து அனுப்ப வேண்டும். யாருமே இல்லை என்றால் நோயாளிக்கே கற்றுத்தரலாம். தொப்புளிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி, தோலை மடித்துப் பிடித்து, ஊசியை நேராக.